மறுக்கப்பட்ட ஓர் அளவீடு

ஒரு படிகத்தில் அழுக்கு இருக்கிறது என்றால் அதற்குப் பொறுப்பாளி யார்? படிகத்தை வளர்த்தவரா, அதை உலையில் இட்டுப் பதப்படுத்தச் சொன்னவரா, அல்லது அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கவே வேண்டாம் என்று தடுத்தவரா? பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பார்வைக்கு அது இயற்பியல் கேள்வி. ஆனால் அதன் விடையைப் பொறுத்தே ஒரு மாணவியின் பட்டமும் பெயரும் நிற்கும் அல்லது விழும் என்ற நிலை இருந்தது.

அடையாறில் நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் அண்மையில் ஒரு புதிய காந்தமானியைத் தொடங்கிவைத்தார்கள். திரவ ஹீலியம் ஊற்ற வேண்டிய தேவையே இல்லாத கருவி. பொத்தானை அழுத்தினால் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. பழைய ஊழியர்களையும் அழைத்திருந்தார்கள். சமோசாவும் தேநீரும் கையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள்.

"மேடம், அந்தக் காலத்துல நார்மல் ஸ்டேட்ல லூப்பே எடுக்காம பேப்பர் அனுப்புவாங்களாமே, நிஜமா?" என்றான் ஒருவன்.

"ஹீலியம் பத்தலைன்னு சொல்லிடுவாங்களாம் மச்சி. செம காமெடி!" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை, அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு மாணவியைக் கிட்டத்தட்ட அழித்த செய்தி சமோசாவுக்குத் தொட்டுக்கொள்ளும் வேடிக்கையாக மாறிவிட்டது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவள். ஆய்வுப் பட்டத்துக்குப் பதிந்துகொள்ளும் வசதி வீட்டில் இல்லாததால் தொழில்நுட்ப அலுவலராகச் சேர்ந்தேன். முதல் சில ஆண்டுகள் வெற்றிடக் குழாய்களில் கசிவைத் தேடுவதிலும், உறைபனி படிந்த உலோகத்தை வெறுங்கையால் தொடாமலிருக்கப் பழகுவதிலும் கழிந்தன. பிறகு தாழ்வெப்பக் காந்தமானி என் பொறுப்புக்கு வந்தது. ஓய்வுபெறும் நாள்வரை அது என்னிடமே இருந்தது.

அந்தக் கருவியின் வயிற்றில் திரவ ஹீலியம் இல்லாவிட்டால் அது வெறும் இரும்புத் தொட்டி. எனவே எங்கள் வாரம் முழுவதும் ஹீலியம் ஊற்றும் நாளைச் சுற்றியே அமைந்திருந்தது. முதலில் திரவ நைட்ரஜனால் தொட்டியைக் குளிர்விப்போம். பிறகு இரட்டைச் சுவர் கொண்ட நீண்ட குழாயின் ஒரு முனையை ஹீலியக் கலத்திலும் மறுமுனையைக் கருவியிலும் மெல்ல இறக்குவோம். கலத்துக்குள் சிறிது அழுத்தம் வேண்டும். அதற்கு எங்களிடம் இருந்த சாதனம் கால்பந்துக்குள் வைக்கும் ரப்பர்ப் பை. அதை ஒருவர் நிதானமாக அமுக்கிக்கொண்டிருக்க வேண்டும். வேகமாக அமுக்கினால் திரவம் சேர்வதற்கு முன்பே கொதித்துப் போய்விடும். மெதுவாக அமுக்கினால் குழாயிலேயே தீர்ந்துவிடும். ஹீலியக் கூடத்தை இயக்கும் தனசேகர் சைதாப்பேட்டைக்காரர். பை அவர் கையில்தான் இருக்கும், வாயும் ஓயாது.

"காசு குடுத்து காத்த வாங்கி, அத்த திரும்ப காத்துலயே வுட்டுக்கினு கீறோம் மேடம். எங்க ஊட்டுல தெரிஞ்சா எனக்கு சோறு போட மாட்டா" என்பார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆவியாகும் ஹீலியத்தைக் கூரையிலுள்ள பெரிய பையில் பிடித்துத் திரும்பத் திரவமாக்குவோம் என்றாலும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகுதி போய்விடும். காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது இன்னும் அதிகமாகக் கொதிக்கும். ஒவ்வோர் அளவீட்டுக்கும் இத்தனை மணி நேரம் என்று ஒதுக்கீடு கேட்டுப் பெற வேண்டும். ஒதுக்கித் தருபவர் துறைத் தலைவர் பேராசிரியர் சேஷாத்ரி.

அவரைப் பற்றி நியாயமாகவே எழுத விரும்புகிறேன். மயிலாப்பூரில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பம். மெல்லிய குரல். நான் அங்கிருந்த காலம் முழுவதும் அவர் ஒரு முறைகூடச் சத்தம் போட்டுப் பேசியதில்லை. ஒன்றை மறுக்க வேண்டுமென்றால் முதலில் காபி வரவழைப்பார். ஆற்றிக் கொடுப்பார். நாம் இரண்டாம் மடக்குக் குடிக்கும்போது மறுப்பு வரும். அவர் அறையில் காபி வந்துவிட்டால் கேட்டது கிடைக்காது என்று ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரியும்.

காந்தமானியை நிறுவ வந்த நிறுவனத்துப் பொறியாளர், நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஆண்களைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். சேஷாத்ரி அவரை நிறுத்தினார். "இந்த மிஷினுக்கு எஜமானி கோமதி. நீங்க யார்கிட்ட வேணா பேசுங்கோ, கடைசில அவ சரின்னு சொன்னாத்தான் உங்களுக்குக் கையெழுத்து" என்றார். அன்றிலிருந்து அந்த மனிதரிடம் எனக்கு உண்மையான மரியாதை இருந்தது. பின்னால் வந்த கோபம் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம்.

இனி ஆய்வுப் பொருளைச் சொல்ல வேண்டும். அது புரியாமல் அநியாயமும் புரியாது.

மீக்கடத்தி என்பது போதுமான அளவு குளிர்ந்ததும் மின்தடையை முற்றிலும் இழக்கும் பொருள். இரும்பையும் செலினியத்தையும் சேர்த்து வளர்க்கும் படிகம் ஏறத்தாழ ஒன்பது கெல்வினில் அப்படி ஆகிறது; அதுவே அதன் மாறுநிலை வெப்பநிலை. மைக்காத் தகடு போல அடுக்கடுக்காக உரியக்கூடிய படிகம் அது. இத்தகைய மீக்கடத்திக்குள் காந்தப்புலம் மெல்லிய சுழல்களாக நுழைகிறது. மின்னோட்டம் பாயும்போது அந்தச் சுழல்கள் நகரப் பார்க்கும். நகர்ந்தால் வெப்பம், தடை, பயனின்மை. அவற்றை இருந்த இடத்திலேயே பிடித்துவைப்பவை படிகத்தில் உள்ள சிறு குறைகள். ரங்கநாதன் தெருக் கூட்டம் மாம்பலம் நிலையத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும்போது ஆங்காங்கே ஒரு கடைவாசல் சிலரைப் பிடித்து நிறுத்துகிறதல்லவா, கிட்டத்தட்ட அப்படித்தான். எந்த மாதிரியான குறையை, எவ்வளவு, எப்படி உண்டாக்கினால் சுழல்கள் நன்றாகப் பிடிபடும் என்பதே எங்கள் ஆய்வு.

பிடிப்பு எவ்வளவு வலுவானது என்று அறியப் புலத்தை ஏற்றி இறக்கிப் படிகத்தின் காந்தத்தை அளப்போம். ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெவ்வேறு வழியில் போய் ஒரு வளையமாகும்; ஆய்வகப் பேச்சில் லூப். வளையம் அகன்றிருந்தால் பிடிப்பு வலுவானது. இங்கே ஒரு பொறி இருக்கிறது. படிகத்துக்குள் தனி இரும்பு மணிகள் எங்காவது ஒளிந்திருந்தால் அவையும் தம் பங்குக்கு ஒரு வளையத்தைத் தரும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, இல்லாத பிடிப்பை இருப்பதாகக் காட்டும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே, படிகம் சாதாரண உலோகமாக இருக்கும் 'நார்மல் ஸ்டேட்'டில், ஒரு முறை அளக்க வேண்டும். மீக்கடத்தி அங்கே வளையம் தராது. அங்கும் வளையம் தெரிந்தால் அது அழுக்கின் வளையம். அதைக் கழித்துவிட வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் அந்த அளவீடு எடுப்பதில்லை. ஒன்பது கெல்வினுக்கு மேல் ஹீலியம் கிடையாது என்பது சேஷாத்ரி வைத்த வழக்கம். மீக்கடத்து நிலையில் அளப்பதற்கே ஹீலியம் போதவில்லை, பொருள் செத்துக் கிடக்கும் வெப்பநிலையில் ஏன் வீணாக்க வேண்டும் என்பது அவர் வாதம். முன்பு ஆராய்ந்த வேறு பொருள்களில் தனி இரும்பு வர வழியில்லை. அங்கே இந்தச் சிக்கனம் தீங்கு செய்யவில்லை. இரும்புப் படிகங்களுக்கு மாறிய பிறகும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

அமலா வந்தது அந்த மாற்றத்தின்போதுதான். பட்டினப்பாக்கத்துப் பெண். அவள் அம்மா கடற்கரைச் சாலையோரம் மீன் விற்பவர். இரும்புத்தூளையும் செலினியத்தையும் உப்பு வகைகளோடு குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் சற்றுக் குறைவாகவும் இருக்கும் உலையில் வாரக்கணக்கில் வைத்துப் படிகம் வளர்ப்பாள். குழாயை உடைத்து, உப்பைக் கழுவி நீக்கி, மின்னும் தகடுகளை ஒவ்வொன்றாக உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பாள். பிறகு ஒவ்வொரு தகட்டையும் பிளேடால் இரண்டாக வெட்டுவாள். ஒரு பாதி பதப்படுத்தலுக்குப் போகும். மறுபாதியை, மருந்துக்கடையில் வாங்கிய காலிக் கேப்சூலில் போட்டு, ஈரம் புகாத டெஸிக்கேட்டரில் தொடாமல் வைத்துவிடுவாள். அப்படிச் செய்யும்படி யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. "எத்த வெச்சு ஒப்பிடறது மேடம், அப்புறம்?" என்றாள் நான் கேட்டபோது.

பதப்படுத்தல் என்பது சேஷாத்ரியின் சொந்தச் செய்முறை. படிகத்தை மீண்டும் குழாயில் அடைத்து, அதிகச் சூட்டில் சில நாள் வைத்திருந்து, சட்டென்று தண்ணீரில் போட்டுக் குளிர்விப்பது. அதனால் படிகத்துக்குள் நுண்ணிய குறைகள் உண்டாகிப் பிடிப்பு வலுக்கும் என்று அவர் எதிர்பார்த்தார். முதல் அளவீட்டிலேயே வளையம் பெரிதும் அகன்றிருந்தது. அவர் முகத்தில் நான் அதுவரை காணாத மலர்ச்சி.

அமலாவின் முகத்தில் அது இல்லை. திரையைக் காட்டி என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க மேடம். எட்டரை கெல்வினுக்கு வந்துட்டோம். இந்நேரம் லூப்பு வாய மூடணும். இது இளிச்சுக்கினே கீது."

உண்மைதான். வெப்பநிலை ஏற ஏறப் பிடிப்பு தளர்ந்து, வளையம் மெலிந்து, ஒன்பதை நெருங்கும்போது இரு கோடுகளும் ஒன்றாகிவிட வேண்டும். இங்கே குறைந்த புலத்தில் ஓர் இடைவெளி மாறாமல் நின்றது. இரும்பாக இருக்கலாம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. அவள் பதினைந்து கெல்வினில் ஒரு வளையம் கேட்டு விண்ணப்பித்தாள். என்னையும் உடன் வரச் சொன்னாள். அறைக்குள் போனோம். காபி வந்தது.

"மூடலேன்னா என்னம்மா அர்த்தம்? பிடிப்பு அவ்வளவு பலமா இருக்குன்னு அர்த்தம்" என்றார் சேஷாத்ரி.

"ஒரே ஒரு லூப் சார். பதினஞ்சுல. இரும்பு இல்லன்னு தெரிஞ்சுட்டா நமக்கும் நிம்மதி" என்றாள் அமலா.

"ஹீலியம் என்ன காவேரி ஜலமா, திறந்து விடறதுக்கு? செத்த பொணத்துக்கு நாடி பார்க்கப் போறியா?"

நான் குறுக்கிட்டேன். "ஹீலியமே வேண்டாம் சார். இரும்பு இருந்தா ரூம் டெம்பரேச்சர்லயே காட்டிக் கொடுத்துடும். பக்கத்து பில்டிங்ல இருக்கிற சாதா காந்தமானில ஒரு மணி நேரத்துல பார்த்துடலாம். ஒரு சொட்டு ஹீலியம் செலவில்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "கோமதி, நம்மாத்துக் குழந்தையைப் பக்கத்தாத்துல கொண்டுபோய் எடை பார்ப்பாளோ? பேப்பர் வர்றவரைக்கும் சாம்பிள் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. காபி ஆறிடறது பாருங்கோ."

அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்தது: ஹீலியம் ஒரு சாக்கு. அளவீட்டின் விலை அவருக்குத் தடையாக இல்லை. அதன் விடைதான் தடை. நான் எழுத்து மூலமும் அதே யோசனையைக் கொடுத்தேன். பதில் வரவில்லை. கட்டுரை அச்சாயிற்று. முதல் பெயர் அமலாவுடையது, கடைசிப் பெயர் அவருடையது. பாராட்டுகள் அவருக்கு வந்தன.

ஓராண்டு போவதற்குள் வேறு செய்திகளும் வந்தன. அதே செய்முறையைப் பின்பற்றிய இரு ஆய்வுக் குழுக்கள், பிடிப்பில் எந்த முன்னேற்றமும் இல்லை என்றும், உங்கள் சாதாரண நிலை அளவீட்டை அனுப்ப முடியுமா என்றும் கேட்டன. அனுப்புவதற்கு ஒன்றுமில்லை. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொய்யான ஒரு வளையத்தை நம்பி எங்கோ இருக்கும் மாணவர்கள் மாதக்கணக்கில் உலையின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களும் அரசுப் பணத்தில்தான், ஆவியாகிப் போகும் ஹீலியத்தில்தான் வேலை செய்திருக்கிறார்கள். எங்கள் சிக்கனம் அடுத்தவர் வீட்டில் செலவாகிக்கொண்டிருந்தது.

சேஷாத்ரி அமலாவை அழைத்து ஒரு விளக்கக் கடிதத்தில் கையெழுத்திடச் சொன்னார். படிகம் வளர்க்கும்போது அவளுடைய கவனக்குறைவால் இரும்புத்தூள் எஞ்சிவிட்டது, வழிகாட்டிக்கு அது தெரியாது என்பது கடிதத்தின் சாரம். கையெழுத்திட்டால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதோடு விஷயம் முடிந்துவிடும் என்றார். இல்லாவிட்டால் விசாரணைக் குழு. நான் அவரிடம் போய்க் கேட்டேன், எந்த ஆதாரத்தில் இதைச் சொல்கிறீர்கள் என்று.

குரலை உயர்த்தாமலே சொன்னார்: "சுத்தம்ங்கறது பழக்கம், கோமதி. சில பேருக்கு அது ஆத்துலேருந்தே வந்துடறது. வராதவாளை நாம என்ன சொல்லி என்ன பண்றது? நீங்க ரிட்டயர் ஆகற நேரம். எதுக்கு இதெல்லாம்?"

அவர் சொன்ன இரண்டாம் பகுதியை, அந்த மெல்லிய மிரட்டலை, நான் பொருட்படுத்தவில்லை. முதல் பகுதியை இன்றுவரை மன்னிக்கவில்லை. உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொரு தகட்டையும் திருப்பிப் பார்த்த ஒரு பெண்ணை, அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்பதைக் கொண்டு அழுக்கு என்று எழுதிவிட்டார், படித்த மனிதர், பேராசிரியர், சுற்றிலும் கருவிகள் இருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு! அளந்து பார்க்க ஒரு மணி நேரம் போதும். அளக்காமல் தீர்ப்புச் சொல்ல அவருக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அமலா ஆய்வகத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். தொலைபேசியை எடுக்கவில்லை. என் வீடு அபிராமபுரத்தில். பட்டினப்பாக்கம் அதிகத் தூரமில்லை. காலையில் மீன் கடைகள் போடும் நேரத்தில் போனேன். அவள் அம்மாவை அடையாளம் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்னால் நின்றேன்.

"வஞ்சிரம் கீது, சங்கரா கீது. இன்னா வோணும்?"

"நான் அமலாவோட ஆபீஸ்லேருந்து வரேங்க. கோமதி."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தார். "கையெழுத்து வாங்கவா வந்த?"

"இல்லம்மா. போடாதேன்னு சொல்ல வந்தேன்."

"இன்னாத்துக்கு போடக்கூடாது? போட்டா வுட்டுடுவாங்களாம். தி. நகர்ல ஒரு நகைக்கடையில தங்கம் தரம் பாக்குற மெசினுக்கு ஆளு கேக்கறாங்க. இந்த மாசமே சேந்துக்கலாம். உங்க கம்பெனில இத்தினி வருசம் ஒழச்சு இன்னாத்தைக் கண்டா? திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பறீங்க."

"திருட்டு இல்லம்மா" என்றேன். "அழுக்குன்னு சொல்றாங்க."

"ரெண்டும் ஒண்ணுதான்."

பின்னாலிருந்து அமலா வந்தாள். கையில் ஐஸ் பெட்டி. என்னைப் பார்த்ததும் சிரிக்க முயன்றாள். "நகைக்கடைலயும் சுத்தம் பாக்கற வேலைதான் மேடம். ஆனா அங்க கஸ்டமர் முன்னாடியே மெசின்ல வெச்சுக் காட்டிடுவாங்க. நம்ம சார் மாதிரி இல்ல."

"அந்தப் பாதிங்க எங்க இருக்கு? கேப்சூல்ல வெச்சியே, பதப்படுத்தாத பாதிங்க?"

"என் டெஸிக்கேட்டர்லதான். யாரும் தொட்டிருக்க மாட்டாங்க." ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். "மேடம்... அதுல இரும்பு இல்லன்னா?"

"உன்னோட வளர்ப்புல கோளாறு இல்லன்னு அர்த்தம். இருந்துதுன்னா நீ கையெழுத்துப் போட வேண்டியதுதான். ரெண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா?"

அவளுக்கும் நிச்சயமில்லை. ஏழெட்டுத் தொகுதிப் படிகங்களில் ஏதோ ஒன்றில் கை தவறியிருக்கலாமே என்ற அச்சம் படிகம் வளர்க்கும் எவருக்கும் இருக்கும். அதைத்தான் சேஷாத்ரி பயன்படுத்திக்கொண்டிருந்தார்.

அவள் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அளந்தா தெரிஞ்சுடுமா?"

"தெரிஞ்சுடும்மா."

"அப்புறம் இன்னாடி குந்திக்கினு கீற? போய் அளந்துட்டு வா. அழுக்கா இருந்தா நகைக்கடைக்குப் போ. இல்லாங்காட்டி அந்த ஆளு மூஞ்சில சொல்லிட்டு வா."

அமலா கையெழுத்திடவில்லை. குழு கூடியது. மூவர்; தலைமை, வெளியிலிருந்து வந்த ஒரு மூத்த பேராசிரியை. முதல் அமர்வில் ஓர் உறுப்பினர் அமலாவிடம் கேட்ட கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "வீட்ல யாராவது படிச்சவங்க இருக்காங்களாம்மா, உனக்கு எடுத்துச் சொல்றதுக்கு?"

"எங்கம்மா படிக்கல சார்" என்றாள். "ஆனா படிகம் வளத்தது அவங்க இல்ல, நான். என்னைக் கேளுங்க."

சேஷாத்ரி நிதானமாகப் பேசினார். பதப்படுத்தல் வேறு எதையும் மாற்றாது, மூலப் படிகத்திலேயே இரும்பு இருந்திருக்க வேண்டும் என்றார். என் முறை வந்ததும் நான் மறுக்கப்பட்ட அளவீட்டைச் சொன்னேன். அது எப்போது கேட்கப்பட்டது, என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது, ஹீலியம் இல்லாத மாற்று வழி ஏன் அடைக்கப்பட்டது என்றெல்லாம் சொன்னேன். பிறகு ஒன்றே ஒன்று சொன்னேன்.

"சார் சொல்றது சரின்னா, பதப்படுத்தாத பாதியிலயும் இரும்பு இருக்கணும். ஒரே தகட்டோட ரெண்டு பாதி. அளந்து பார்த்துடலாம்."

சேஷாத்ரி, அவ்வளவு காலம் கழித்து அந்தப் பாதிகள் நம்பத்தக்கவையல்ல என்று ஆட்சேபித்தார். ஈரமில்லாக் கலத்தில் கிடந்த படிகம் தானாக இரும்பை இழந்துவிடுமா என்று குழுத் தலைவர் கேட்டார். கேப்சூல்களையும் பதப்படுத்திய பாதிகளையும் குழுத் தலைவரே எடுத்தார். எது எந்தப் பாதி என்ற குறிப்பைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வெறும் எண் மட்டும் ஒட்டி, பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பினார். அமலாவையும் என்னையும் சேஷாத்ரியையும் அந்த அறைக்குள் விடவில்லை. நாங்கள் வெளியே நடைவழியில் நின்றோம். தனசேகர் எதற்கோ வந்தவர் போல வந்து எங்களோடு நின்றுகொண்டார்.

"இன்னா மேடம், குழந்தைக்கு எடை பாக்கறாங்களா?" என்றார். அந்த உரையாடல் ஆய்வகம் முழுதும் பரவியிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அமலா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, உடனே அழுதாள்.

விடையில் குழப்பத்துக்கு இடமே இல்லை. சில எண்களில் வளையம் இருந்தது. சிலவற்றில் சாய்ந்த ஒற்றைக் கோடு மட்டுமே. குறிப்பைப் பிரித்தபோது, வளையம் காட்டியவை எல்லாம் பதப்படுத்திய பாதிகள். தொடாத பாதி ஒன்றில்கூட இரும்பு இல்லை. அதிகச் சூட்டில் செலினியம் படிகத்தைவிட்டு ஆவியாகியிருக்கிறது. மிஞ்சிய இரும்பு மணிமணியாகத் திரண்டிருக்கிறது. அழுக்கு அந்தச் செய்முறையிலேயே பிறந்தது. பதினைந்து கெல்வினில் ஒரு வளையம் எடுத்திருந்தால், கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே இது தெரிந்திருக்கும்.

இவ்வளவு தெளிவான விடைக்குப் பிறகு அறிக்கை என்ன சொன்னது? "வழிகாட்டிக்கும் மாணவிக்கும் இடையே கருத்துப் பரிமாற்றக் குறைபாடு" என்றது. குழுத் தலைவர் தனிக் குறிப்பாகக் கடுமையாக எழுதினார் என்று கேள்விப்பட்டேன். நிர்வாகம் அதை வெளியிடவில்லை. என்ன பரிமாற்றக் குறைபாடு? அமலா கேட்டாள், அவர் மறுத்தார். அவள் காரணம் சொன்னாள், அவர் காபி கொடுத்தார். அதைவிடத் தெளிவாக இரண்டு பேர் பேசிக்கொள்ள முடியாது. சேஷாத்ரி தம் பதவியில் நீடித்தார். முறைப்படி ஓய்வுபெற்றபோது சால்வை போர்த்தினார்கள். அமலாவிடம் அவர் ஒரு சொல்கூட வருத்தம் தெரிவிக்கவில்லை. நான் கேட்டபோது, "ஆராய்ச்சின்னா இதெல்லாம் சகஜம்மா" என்றார். தவறுவது சகஜம்தான். தவறைத் தூக்கி, தன்னைவிட எளியவரின் கையில் வைப்பதையும் சகஜம் என்றால் அதை நான் ஏற்கமாட்டேன்.

அமலா வேறொரு வழிகாட்டியிடம் மாறினாள். ஆய்வேட்டின் பெரும்பகுதியைப் புதிதாக எழுத வேண்டியிருந்தது; நண்பர்கள் வேலைக்குப் போய்விட்ட பிறகும் அவள் உலையின் முன் உட்கார்ந்திருந்தாள். இரும்பு மணிகளின் பொய்யான வளையத்தை எப்படி இனம்கண்டு பிரிப்பது என்பதே அவளுடைய கடைசி அத்தியாயம் ஆயிற்று. வாய்மொழித் தேர்வன்று அவள் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டம் கிடைத்தது. இப்போது வேறொரு மாநிலத்தில் தனக்கென்று ஒரு சிறிய ஆய்வகம் வைத்திருக்கிறாள். இழந்த காலத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது.

எங்கள் ஆய்வகத்தில் மாறியது இதுதான். எந்தப் படிகத்தையும் முதலில் மாறுநிலை வெப்பநிலைக்கு மேலே வைத்து அளந்த பிறகே குளிர்விக்கிறார்கள். அந்த அளவீட்டை எடுக்க மாணவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.